பேட்சை எடுத்ததும் பார்வை ஏன் பின்வாங்குகிறது? சோம்பேறிக் கண் சிகிச்சையில் மூளை மாறும் கணக்கு: ஒரு நிகழ்வு ஆய்வு

ஐந்து வயதுச் சிறுமி. வலக் கண்ணில் ப்ளஸ் 1 பவர், இடக் கண்ணில் ப்ளஸ் 5. மாறுகண் இல்லை, புரை இல்லை, விழித்திரை சுத்தமாக இருக்கிறது. வலக் கண்ணால் எழுத்து அட்டையில் 6/6 வரி படிக்கிறாள், அதாவது முழுப் பார்வை; பின் எண் கூடக் கூடப் பார்வை குறைவு. இடக் கண்ணுக்குச் சரியான கண்ணாடியை மாட்டிவிட்டாலும் 6/60-ஐத் தாண்டவில்லை. கண்ணில் பழுது ஏதும் இல்லாமலே பார்வை குறைந்திருக்கும் இந்த நிலையைத்தான் ஆம்பிளியோபியா என்கிறோம். பேச்சு வழக்கில் சோம்பேறிக் கண்.

இவள் ஒரு தனிப்பட்ட குழந்தை அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண் சிகிச்சை படிக்க வருபவர்களுக்குக் கற்பிப்பதற்காக, அடிக்கடி எதிர்ப்படும் பல கதைகளைச் சேர்த்து நான் கட்டிய வடிவம் இவள். ஆனால் இவளுக்கு நடப்பவை உண்மையில் நடப்பவை. இவளைப் பின்தொடர்ந்தபடியே, மூளைக்குள் நடப்பதைத் தாளில் போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு சிறிய கணக்கையும் நடத்திச் செல்கிறேன். சிகிச்சையின் முடிவில் பெரும்பாலான பெற்றோர் கேட்கும் ஒரு கேள்விக்கு அந்தக் கணக்கு நேர்மையான பதில் தருகிறது என்பது என் எண்ணம்.

நடந்தது

இரண்டு கண்களும் குவியத்தை ஒரே அளவில்தான் மாற்றிக்கொள்ள முடியும். குறைந்த முயற்சியில் தெளிவு கிடைக்கிற வலக் கண்ணுக்காக மூளை குவியத்தைச் சரிசெய்யும், அத்தோடு நின்றுவிடும். ப்ளஸ் 5 தேவைப்படும் இடக் கண்ணுக்குப் பிறந்ததிலிருந்து ஒரு நாளும் தெளிவான உருவம் வந்து சேரவில்லை. வெளியே பார்த்தால் கண் நேராக இருக்கிறது. குழந்தை ஓடுகிறாள், படம் வரைகிறாள், தடுக்கி விழுவதில்லை. வலக் கண்ணை மூடிச் சோதிக்கும் வரை யாருக்கும் தெரியாது.

முதலில் கண்ணாடி மட்டும். 18 வாரம் கழித்து இடக் கண் 6/36-க்கு வந்தது. அதன் பிறகு வலக் கண்ணில் தினமும் 6 மணி நேரம் பேட்ச், அதாவது நல்ல கண்ணை மூடி ஒட்டும் பட்டை. பல மாதங்களில் இடக் கண் 6/12 வரை ஏறியது. வீட்டில் கொண்டாட்டம். பேட்ச் அன்றோடு நிறுத்தப்பட்டது. ஆறு வாரம் கழித்து வந்தபோது 6/18. ஏறக்குறைய 2 வரி இறங்கியிருந்தது.

அம்மா கேட்ட கேள்வி: "நான் எங்கயோ தப்பு பண்ணிட்டேனா டாக்டர்? கண்ணாடிய ஒரு நாள்கூடக் கழட்ட விடலயே."

அவர் தவறு ஏதும் செய்யவில்லை. அதைக் கணக்காகவே காட்ட முடியும்.

எந்த மாதிரி, ஏன்

டேவிட் ஹ்யூபலும் டார்ஸ்டன் வீசலும் 1960-களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணிமையைத் தைத்து மூடி வளர்த்தார்கள். சில வாரங்கள் கழித்துப் பார்த்தபோது, மூளையில் பார்வையைக் கையாளும் பகுதியான பார்வைப் புறணியின் நியூரான்கள் (நரம்பு உயிரணுக்கள்) ஏறக்குறைய எல்லாமே திறந்திருந்த கண்ணுக்கு மட்டும் பதில் சொல்லின. இரண்டு கண்களையும் மூடி வளர்த்தால் பாதிப்பு இரு மடங்காகும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். அப்படி ஆகவில்லை, பல நியூரான்கள் இன்னும் இரு கண்களுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. ஆகவே கண் வீணாவது பயன்படுத்தாததால் மட்டும் அல்ல. பக்கத்துக் கண்ணோடு நடக்கும் போட்டியில் தோற்பதால். இந்தப் பணிகளுக்காக இருவரும் 1981-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

போட்டிக்கு விதி என்ன? 1982-இல் எலீ பீனன்ஸ்டாக், லியோன் கூப்பர், பால் மன்றோ மூவரும் ஒரு விதியை முன்வைத்தார்கள். கூப்பர் மீகடத்துத்திறன் கோட்பாட்டுக்காக 1972-லேயே இயற்பியல் நோபல் பெற்றவர். பிறகு நரம்பியல் பக்கம் வந்தவர். மூவரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதைப் பி.சி.எம். விதி என்பார்கள். அதைச் சொற்களில் இப்படி எழுதலாம்:

இணைப்பில் ஏற்படும் மாற்றம் = உள்ளீடு × வெளியீடு × (வெளியீடு − வாசற்படி)

உள்ளீடு என்பது கண்ணிலிருந்து வரும் சமிக்ஞை, வெளியீடு என்பது நியூரானின் துடிப்பு. கண்ணிலிருந்து சமிக்ஞை வரும் நேரத்தில் நியூரான் வாசற்படியைத் தாண்டித் துடித்தால் அந்த இணைப்பு வலுக்கும். துடிப்பு வாசற்படிக்குக் கீழேயே நின்றுவிட்டால் அதே சமிக்ஞை இணைப்பை மெலியச் செய்யும். அதோடு, அந்த வாசற்படி ஓரிடத்தில் நிற்பதில்லை. அண்மைக் காலத்தில் நியூரான் எவ்வளவு துடித்தது என்பதைப் பொறுத்து ஏறும், இறங்கும்: வெளியீட்டின் வர்க்கத்தின் சராசரிதான் வாசற்படி. அமைதியான நாட்களில் படி தாழ்கிறது. ஆரவாரமான நாட்களில் உயர்கிறது.

கணக்குக்கு வசதியாகக் கற்பித்த கற்பனை அல்ல இந்த நகரும் படி. இருட்டில் வளர்த்த எலிகளின் பார்வைப் புறணியில் இணைப்புகள் எளிதில் வலுக்கின்றன, எளிதில் மெலிவதில்லை என்று மார்க் பேர் குழுவினர் 1996-இல் காட்டினார்கள். படி தாழ்ந்திருந்தால் அப்படித்தான் நடக்க வேண்டும்.

நூற்றுக்கணக்கான உள்ளீடுகளும் இயற்கைக் காட்சிகளும் கொண்டு இந்த மாதிரியைக் கணினியில் ஓட்டியவர்கள் உண்டு. இங்கே நான் ஒரு நியூரான், இரண்டு கண், இரண்டு இணைப்பு என்று சுருக்கிக்கொள்கிறேன். சுருக்கினால் கொஞ்சம் இழப்போம். ஆனால் யார் வேண்டுமானாலும் பென்சிலால் சரிபார்க்கலாம்.

ஆரோக்கியமான தொடக்கம்

நியூரானுக்குப் பிடித்த வடிவம், உதாரணமாக ஒரு சாய்ந்த கோடு, நான்கு கணத்தில் ஒரு கணம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒவ்வொரு கண்ணும் 1 அனுப்பும். மற்ற மூன்று கணங்களில் 0. இரு கண்களின் இணைப்பும் தலா 2 என்றால், பிடித்த வடிவம் வரும்போது வெளியீடு 1 × 2 + 1 × 2 = 4. வர்க்கம் 16, நான்கில் ஒரு கணம் என்பதால் சராசரி 4. ஆக வாசற்படியும் 4. வெளியீடும் படியும் சமம், மாற்றம் சுழி. அமைப்பு நிலைத்து நிற்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது கூட்டுத்தொகை. மொத்தம் 4-ஐத் தாண்டினால் படி அதைவிட வேகமாக ஏறி எல்லாவற்றையும் கீழே இழுக்கும். 4-க்குக் குறைந்தால் படி தாழ்ந்து எல்லாவற்றையும் மேலே ஏற விடும். மொத்தத்தைத்தான் மூளை காக்கிறது. அதில் எந்தக் கண்ணுக்கு எவ்வளவு பங்கு என்பதைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை. இந்த ஆய்வின் மீதிப் பகுதி முழுவதும் இந்த ஒரு தன்மையிலிருந்து வருவதுதான்.

கண் எப்படி மெலிந்தது

இடக் கண் மங்கினால் அதிலிருந்து வடிவம் வருவதில்லை. ஆனால் அமைதியும் வருவதில்லை. விழித்திரையும் அதற்கு அடுத்த நிலையமும் காரணமில்லாமல் துடித்துக்கொண்டே இருக்கும், அது இரைச்சல். சற்றே கூடும், சற்றே குறையும், சராசரி சுழி.

வலக் கண் மட்டும் ஓட்டுவதால் வெளியீடு 4-இலிருந்து 2-க்கு விழுகிறது. படி 1-க்கு இறங்குகிறது. இப்போது வெளியீடு படிக்கு மேலே இருப்பதால் வலக் கண்ணின் இணைப்பு வளரத் தொடங்கி, 4-ஐ எட்டும் வரை நிற்காது. நல்ல கண் இரட்டிப்பாகிவிட்டது. காலியான இடத்தையும் அதுவே எடுத்துக்கொண்டது.

இடக் கண்ணுக்கு என்ன ஆகும்? இரைச்சல் மட்டும் அனுப்பும் இணைப்பின் போக்கைச் சொல்ல ஓர் எளிய சூத்திரம் கிடைக்கிறது: சராசரி வெளியீட்டின் இரு மடங்கிலிருந்து வாசற்படியைக் கழிக்க வேண்டும். விடை கூட்டல் என்றால் இணைப்பு வளரும், கழித்தல் என்றால் தேயும். எவ்வளவு வேகம் என்பதை இரைச்சலின் அளவு தீர்மானிக்கும். நல்ல கண் 4-ஐ எட்டிய பிறகு சராசரி வெளியீடு 1, படி 4. இரண்டில் நான்கு போனால் −2. இடக் கண் தேய்கிறது. 2-இலிருந்து இறங்கி 0.4-க்கு வந்துவிட்டதாகக் கொள்வோம்.

அப்படியானால் அந்தக் கண் சும்மா இருந்ததால் கெடவில்லை. அர்த்தமில்லாமல் பேசிக்கொண்டே இருந்ததால் கெட்டது. "சோம்பேறி" என்ற பெயர் எனக்கு வருத்தம் தருவது இதனால்தான். இதற்கு நேரடிச் சோதனையும் உண்டு. 1999-இல் ரிட்டன்ஹவுஸ், ஷூவல், பாரடைசோ, பேர் ஆகியோர் பூனைக்குட்டிகளில் ஒப்பிட்டார்கள்: ஒரு குழுவுக்கு இமை மூடப்பட்டது, இன்னொரு குழுவுக்கு டெட்ரோடோடாக்சின் என்னும் நஞ்சால் விழித்திரையே முழுதாக ஊமையாக்கப்பட்டது. முழுதாக ஊமையானதுதான் அதிகம் இழந்திருக்கும் என்று தோன்றும். ஆனால் இமை மூடிய கண்ணே அதிகம் இழந்தது. இமைக்குப் பின்னால் இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது; ஊமையான கண்ணில் அதுகூட இல்லை.

கண்ணாடி போட்ட 18 வாரம்

இந்த இடத்தில் கணக்கு என்னை முதலில் ஏமாற்றியது. கண்ணாடி போட்டதும் இரு கண்களும் தெளிவாக 1 அனுப்புகின்றன. இணைப்புகள் 4-உம் 0.4-உம்; மொத்தம் 4.4. மொத்தம் 4-ஐத் தாண்டிவிட்டது, எனவே இரண்டும் சம அளவில் இறங்கும்: 3.8, 0.2. மெலிந்த கண் இன்னும் மெலிந்துவிட்டது! இரு கண்களும் ஒரே சமிக்ஞையை அனுப்பும்போது விதி இரண்டையும் ஒரே அளவில் ஏற்றும் அல்லது இறக்கும். இடைவெளியைத் தொடுவதே இல்லை. அப்படியானால் கண்ணாடியால் மட்டும் யாருக்குமே குணம் வரக்கூடாது.

ஆனால் வருகிறது. அமெரிக்காவின் குழந்தைக் கண்நோய் ஆய்வாளர் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வில், பவர் வேறுபாட்டால் ஆம்பிளியோபியா வந்த 84 குழந்தைகளுக்குக் கண்ணாடி மட்டுமே தந்தார்கள். 77 சதவீதத்தினர் 2 வரியோ அதற்கு மேலோ முன்னேறினார்கள். 27 சதவீதத்தினருக்கு ஆம்பிளியோபியா முழுதாகவே தீர்ந்தது.

விடுபட்டது இரைச்சல்தான். தெளிவாகப் பார்க்கும் கண்ணிலும் இரைச்சல் இருக்கிறது, இரண்டிலும். மேலே சொன்ன −2 இப்போது இரு இணைப்புகளையும் தேய்க்கும். பெரியது அதிகம் தேயும், சிறியது குறைவாகத் தேயும், ஏனென்றால் தேய்மானம் இணைப்பின் அளவுக்கு ஏற்றது. தேய்ந்ததை ஈடுகட்ட, மொத்தத்தை 4-இல் காக்கும் விதி இரண்டையும் சம அளவில் ஏற்றிவிடும். பெரியதிலிருந்து அதிகம் எடுத்து, இரண்டுக்கும் சமமாகத் திருப்பிக் கொடுத்தால் இடைவெளி சுருங்கும். மெதுவாக, ஆனால் தொடர்ந்து. கண்ணைக் கெடுத்த அதே இரைச்சல், தெளிவான உருவம் கிடைத்த பிறகு அதை மீட்கவும் செய்கிறது. இந்த வரி தாளில் விழுந்த அன்று நான் கணக்கைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன்.

மெதுவாக என்பதையும் மறக்கக் கூடாது. லண்டனில் நடந்த கண்காணிக்கப்பட்ட பேட்ச் ஆய்வில், பேட்ச் தொடங்கும் முன் 18 வாரம் கண்ணாடிக்கென்றே ஒதுக்கினார்கள். சராசரியாக 2 வரிக்குச் சற்று மேல் முன்னேற்றம் கிடைத்தது. நம் சிறுமியும் 6/60-இலிருந்து 6/36-க்கு வந்தாள். கணக்கில் இடைவெளி 3.6-இலிருந்து 2.4-க்குச் சுருங்கியதாகக் கொள்கிறேன்: நல்ல கண் 3.2, மெலிந்த கண் 0.8. இந்த 18 வாரத்தை வீண் காத்திருப்பு என்று நினைத்துக் கண்ணாடியும் பேட்சும் ஒரே நாளில் தொடங்குவது எனக்கு உவப்பில்லை. பேட்சே தேவைப்படாத குழந்தையை அடையாளம் காணும் வாய்ப்பு அப்போது போய்விடுகிறது.

பேட்ச்: முதல் மணிகள்

வலக் கண் மூடப்பட்டது. அதிலிருந்து இரைச்சல் மட்டும். மெலிந்த கண் 0.8-ஐ வைத்துக்கொண்டு தனியாக நிற்கிறது. வாசற்படி இன்னும் பழைய 4-இலேயே இருக்கிறது. 0.8 × (0.8 − 4) = −2.56. பேட்ச் ஒட்டிய அந்தக் கணத்தில், உதவ வேண்டிய கண்ணையே விதி கீழே தள்ளுகிறது.

படி தாழ்ந்து புதிய நிலைக்கு, அதாவது 0.16-க்கு வந்த பிறகுதான் 0.8 × (0.8 − 0.16) = +0.51 என்று திசை மாறுகிறது. ஆகவே பேட்ச் வேலை செய்வது கண்ணை மூடியதால் மட்டும் அல்ல. மூடிய பின் மூளை தன் எதிர்பார்ப்பைத் தாழ்த்திக்கொள்வதால். படி எவ்வளவு வேகமாக இறங்குகிறதோ, பேட்ச் நேரத்தின் அவ்வளவு பங்கு பயனுள்ளதாகிறது. படி இறங்க ஒரு நாள் ஆகும் மூளையில் 2 மணி நேரப் பேட்ச் கெடுதல் மட்டுமே செய்யும்.

மனித மூளையில் நிலைமை அவ்வளவு மோசம் இல்லை. அதே அமெரிக்கக் குழு 2003-இல், மிதமான ஆம்பிளியோபியா உள்ள 189 குழந்தைகளில் தினம் 2 மணி நேரத்தையும் 6 மணி நேரத்தையும் ஒப்பிட்டது. நான்கு மாதத்தில் இரு குழுக்களும் ஒரே அளவு, 2.40 வரி முன்னேறின. 2 மணி நேரமே போதுமான அளவுக்குப் படி விரைந்து நகர்கிறது என்று இதைப் படிக்கலாம். ஆரோக்கியமான பெரியவர்களின் ஒரு கண்ணை 150 நிமிடம் மூடித் திறந்தால், மூடியிருந்த கண்ணே சிறிது நேரம் மற்றதை மிஞ்சுகிறது என்று 2011-இல் கிளாடியா லுங்கியும் சக ஆய்வாளர்களும் காட்டியிருக்கிறார்கள். அது வேறு திசையில் நடக்கும் விளைவு, எனவே நேரடிச் சான்றாக எடுக்கவில்லை. ஆனால் சில மணி நேரத்துக்குள் மூளை தன் அளவுகோலைத் திருத்திக்கொள்கிறது என்பது அதில் தெளிவு.

2 மணி, 6 மணி விவகாரத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது. எழுதிக் கொடுத்த நேரம் வேறு, ஒட்டியிருந்த நேரம் வேறு. லண்டன் ஆய்வில் பேட்ச்சுக்குள்ளேயே ஒரு சிறு மின்னணுக் கருவியை வைத்து அளந்தார்கள். சொன்ன நேரத்தில் சராசரியாகப் பாதிக்கும் சற்றுக் குறைவாகத்தான் பேட்ச் கண்ணில் இருந்தது. உண்மையில் ஒட்டியிருந்த நேரத்தைக் கணக்கிட்டால் சுமார் 120 மணி நேரத்துக்கு 1 வரி. நம் சிறுமி 6/36-இலிருந்து 6/12-க்கு வர ஏறக்குறைய 5 வரி, அதாவது 600 மணி. ஆறு மணி நேரமும் முழுதாக ஒட்டியிருந்தால் 100 நாள். பாதி நேரம்தான் என்றால் 200 நாள். "இத்தனை மாசமாச்சே" என்று சோர்ந்துபோகும் பெற்றோரிடம் இந்த எளிய வகுத்தலைப் போட்டுக் காட்டினால் முகம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன். குழந்தையிடம் பிழை இல்லை, மருந்து இன்னும் உள்ளே போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

கணக்கில் வளர்ச்சி நேர்கோடாக இல்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். 0.8-இல் ஊர்ந்து, நடுவில் வேகம் பிடித்து, 4-ஐ நெருங்கும்போது மீண்டும் தளர்கிறது. மிக மெலிந்த கண்ணுக்கு முதல் வாரங்கள்தான் கடினம். மனம் தளர்ந்து விட்டுவிடுவதும் அப்போதுதான்.

மூடிய கண்ணுக்கு ஆபத்து எப்போது?

பேட்ச் அதிகமானால் நல்ல கண்ணே மங்கிவிடுமோ என்ற பயம் நியாயமானது, அப்படி நடப்பதுண்டு. இரைச்சல் சூத்திரத்தைப் பேட்சுக்குள் இருக்கும் நல்ல கண்ணுக்குப் போட்டுப் பார்க்கலாம். மெலிந்த கண் 0.8-இல் இருக்கும்போது சராசரி வெளியீடு 0.2, படி 0.16, விடை 0.4 − 0.16 = +0.24. நல்ல கண்ணுக்குத் தீங்கு இல்லை. மெலிந்த கண் 2-ஐத் தொடும்போது விடை சுழி. 2.8-க்கு வந்தபின் 1.4 − 1.96 = −0.56. இப்போதுதான் மூடிய கண் தேயத் தொடங்குகிறது.

அதாவது இந்தக் கணக்கின்படி ஆபத்து சிகிச்சையின் தொடக்கத்தில் இல்லை. வெற்றி நெருங்கும்போது இருக்கிறது. "நல்லா வந்துட்டிருக்கு, அடுத்த பரிசோதனையை ரெண்டு மாசம் தள்ளிப் போடலாம்" என்று தோன்றும் அந்தக் கட்டத்தில்தான் நல்ல கண்ணை அடிக்கடி அளக்க வேண்டும். இது ஒரு நியூரான் கணக்கின் வாக்கு. ஆனாலும் பின்பற்றுவதில் நஷ்டம் இல்லை.

பேட்சை எடுத்த நாள்

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருவோம். பேட்சால் மெலிந்த கண் 0.8-இலிருந்து 2.8-க்கு வளர்ந்துவிட்டது. மூடியிருந்த நல்ல கண் பெரிதாக மாறாமல் 3.2-இலேயே இருக்கிறது. (எளிமைக்காக, பேட்ச் ஒட்டாத மணிகளில் நடப்பதை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை.) அட்டையில் எழுத்துகளை ஒவ்வொரு கண்ணாகத்தான் படிக்கச் சொல்கிறோம், 2.8 உள்ள கண் அருமையாகப் படிக்கிறது. 6/12.

பேட்சை நிறுத்தியதும் இரு கண்களும் ஒன்றாகத் திறக்கின்றன. மொத்தம் 6. படி 9-க்கு எகிறுகிறது. வெளியீடு படிக்குக் கீழே. இரு இணைப்புகளும் சம அளவில் இறங்குகின்றன, மொத்தம் 4 ஆகும் வரை. தலா 1 குறைந்து, நல்ல கண் 2.2, மெலிந்த கண் 1.8.

பெற்றது 2; நின்றது 1. யாரும் எதையும் தவறாகச் செய்யவில்லை. இரண்டு கண்களும் சேர்ந்து வாழ ஒரே வீட்டில் இவ்வளவுதான் இடம். பேட்ச் இருந்தவரை அந்தக் கணக்கு தள்ளிப்போடப்பட்டிருந்தது. இன்னொன்றையும் பாருங்கள்: இறங்கிய பிறகும் 2.2-க்கு 1.8 என்பது தொடக்கத்து 3.2-க்கு 0.8-ஐவிட மிகச் சிறந்த நிலை. அட்டை இறக்கத்தைக் காட்டுகிறது. இரு கண்களின் சமநிலையோ பேட்சுக்கு முன் இருந்ததைவிட மிகவும் நெருங்கியிருக்கிறது.

பூனைக்குட்டிகளில் இது பழைய செய்தி. கண் மாற்றி மூடுவதால் மீண்ட பார்வை, இரு கண்களும் திறந்ததும் நிலையில்லாமல் சரிவதை டொனால்ட் மிட்செல் குழுவினர் 1984-லேயே எழுதினார்கள். குழந்தைகளில், 2004-இல் வந்த பின்தொடர் ஆய்வின்படி சிகிச்சை நிறுத்திய ஓராண்டுக்குள் 24 சதவீதத்தினருக்குப் பார்வை மீண்டும் குறைந்தது. தினம் 6 முதல் 8 மணி நேரம் ஒட்டியவர்களில், திடீரென நிறுத்தியவர்களுக்கு 42 சதவீதம். முதலில் 2 மணி நேரமாகக் குறைத்துப் பிறகு நிறுத்தியவர்களுக்கு 14 சதவீதம். சீட்டுக் குலுக்கிப் பிரித்த குழுக்கள் அல்ல இவை. ஆனாலும் வித்தியாசம் பெரிது.

படிப்படியாகக் குறைப்பது ஏன் உதவுகிறது? தினம் சிறிது நேரப் பேட்சில் மெலிந்த கண் 0.1 ஏறுகிறது என்று வையுங்கள். மீதி நாள் முழுக்க இரு கண்களும் திறந்திருப்பதால் மொத்தம் 4-க்குத் திரும்பும், இரண்டும் 0.05 இறங்கும். மெலிந்த கண்ணுக்கு நிகர லாபம் 0.05, நல்ல கண்ணுக்கு நிகர இழப்பு 0.05. இருபது நாளில் 1.8, 2.2. சேருமிடம் அதேதான். ஆனால் அட்டையில் 2.8 ஒருபோதும் தோன்றாததால், அதிலிருந்து விழுவதும் இல்லை. கடனை மொத்தமாகக் கட்டாமல் தவணையில் கட்டியாயிற்று. குறைந்த நேரம் ஒட்டும்போது கண் சிறியதாகவே நின்று மெதுவாக வளரும் என்பதால் மொத்த மணி நேரம் சற்றுக் கூடும். அது ஏற்கத்தக்க விலை.

மாதிரி தோற்ற இடம்

பேட்சுக்குப் பதில் நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டு போட்டால், அந்தக் கண் மங்குமே தவிர மூடாது. அது 1-க்குப் பதில் 0.5 அனுப்புவதாகக் கொண்டால், 3.2-உம் 0.8-உம் சேர்ந்து வெளியீடு 2.4, படி 1.44-இல் நிற்கும். வளர்ச்சி 2.4 × 0.96 = 2.3. பேட்சில் 0.51-தான் கிடைத்தது. நல்ல கண் கைகொடுத்து நியூரானைத் துடிக்க வைப்பதால் மெலிந்த கண் அதன் தோளில் ஏறிக்கொள்கிறது. ஆகவே அட்ரோபின் ஆரம்பத்தில் பேட்சைவிட வேகமாக இருக்க வேண்டும்.

உண்மை நேர்மாறு. 419 குழந்தைகளைக் கொண்ட 2002-ஆம் ஆண்டு ஒப்பீட்டில் ஆரம்ப வாரங்களில் பேட்ச்தான் முந்தியது. ஆறு மாதத்தில் 3.16 வரியும் 2.84 வரியுமாக இரண்டும் நெருங்கின. என் கணக்கு இங்கே தவறு. காரணம் எனக்குத் தெளிவாகவே தெரிகிறது: இந்த மாதிரியில் இரு கண்களும் ஒத்துழைக்கின்றன, நிஜ மூளையிலோ வலுவான கண் மெலிந்த கண்ணை அமுக்குகிறது. அந்த அமுக்கத்துக்குத் தனி நியூரான்கள் உண்டு, அவற்றை நான் வைக்கவில்லை. நல்ல கண் மங்கலாகவாவது திறந்திருக்கும்வரை அமுக்கம் தொடரும். பேட்ச் ஒட்டினால் தளரும்.

இரு கண்களுக்கும் வெவ்வேறு வலுவில் படம் காட்டிச் சேர்ந்து பார்க்கப் பழக்கும் விளையாட்டுச் சிகிச்சையும் ஒத்துழைப்பை நம்பித்தான் பிறந்தது. கேட்க அழகான யோசனை. ஆனால் 2016-இல் 385 குழந்தைகளிடம் டேப்லெட் விளையாட்டை 2 மணி நேரப் பேட்சோடு ஒப்பிட்டபோது, 16 வாரத்தில் விளையாட்டு 1.05 வரியும் பேட்ச் 1.35 வரியும் தந்தன. குழந்தைகள் விளையாட்டைத் தொடர்ந்து ஆடவில்லை என்பதும் அதில் ஒரு காரணம். பிந்தைய வடிவங்கள் மேம்பட்டிருக்கின்றன. ஆயினும் கணக்கில் அழகாக இருப்பது கண்ணில் பலித்தே தீரும் என்று இல்லை.

வயதும் இந்த மாதிரியில் இல்லை. 7 முதல் 12 வயதுக்காரர்களில் சிகிச்சை பெற்றவர்களில் 53 சதவீதத்தினரும், கண்ணாடி மட்டும் அணிந்தவர்களில் 25 சதவீதத்தினரும் பலன் கண்டார்கள் என்று 2005-இல் வந்த ஆய்வு சொன்னது. கதவு ஒரு நாளில் அடைபடுவதில்லை, மெல்லச் சாத்தப்படுகிறது. முழுதாகச் சாத்திய பின்னும் திறக்கலாமோ என்ற நம்பிக்கை 2021-இல் வந்தது: மார்க் பேர் குழுவினர், மீளும் பருவம் கடந்த பூனைகளிலும் எலிகளிலும் நல்ல கண்ணைச் சில நாள் நஞ்சால் ஊமையாக்கி, மெலிந்த கண்ணை மீட்டார்கள். மூடவில்லை, ஊமையாக்கினார்கள். படி தாழ வேண்டும், ஆனால் இரைச்சல் இருக்கக் கூடாது என்ற கணக்கோடு இது பொருந்துகிறது. குழந்தைக்குச் செய்யக்கூடியது அல்ல. ஆனால் எங்கே தேட வேண்டும் என்று சொல்கிறது.

சிறுமிக்குச் செய்தது

6/18-ஐத் தோல்வி என்று பதியவில்லை. கண்ணாடி தொடர்ந்தது. பேட்ச் 2 மணி நேரமாகத் திரும்பியது, பிறகு ஒரு மணி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். இடக் கண் மெல்ல 6/12-க்கு வந்து, இந்த முறை அங்கேயே நின்றது. (வீட்டில் இதைப் படிக்கும் பெற்றோர் பேட்ச் நேரத்தைத் தாமாக மாற்ற வேண்டாம், நல்ல கண்ணையும் அளந்து பார்ப்பவர்தான் அதைத் தீர்மானிக்க முடியும்.)

கோப்பில் ஒரு புதிய கட்டம் சேர்த்தேன். பார்வை அளவுக்குப் பக்கத்தில், "கடைசியாகப் பேட்ச் எடுத்தது எப்போது?" என்று ஒரு வரி. காலையில் நான்கு மணி நேரம் ஒட்டிவிட்டு நேராக வந்து படித்த 6/12-உம், ஒரு வாரம் இரு கண்களாலும் வாழ்ந்துவிட்டு வந்து படித்த 6/12-உம் ஒன்றல்ல. முதலாவதைப் பார்த்துவிட்டு நான் இப்போது யாரிடமும் சிகிச்சை முடிந்தது என்று சொல்வதில்லை. ஒரு வாரம் கழித்து வரச் சொல்கிறேன்.